பொட்டுத் தூக்கம்

தையல்நாயகிக்குத் தூக்கம் வராமல் போனதில் அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் சௌகரியம். குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க அவள். எழவு வீட்டில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள அவள். விடியுமுன் ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கதவு திறந்து காபி போட்டுக் கொடுக்க அவள். ‘அக்காவுக்குத்தான் பொட்டுத் தூக்கம் கிடையாதே, அதுகிட்டச் சொல்லிடு’ என்று தம்பி இளங்கோவன் சொல்வான். அதில் கேலியும் இருக்காது, இரக்கமும் இருக்காது. வீட்டில் கிரைண்டர் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி ஒரு தகவல், அவ்வளவுதான். இன்றைக்கு அவன் மகள் யாழினிக்குத் திருச்சியில் கல்யாணம். காலையில் குளித்து, வெளிர்நீலப் பட்டு கட்டி, நெற்றியில் துளித் திருநீறு இட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தவளைத் தம்பி பெண்டாட்டி சரளா வாசலிலேயே கையைப் பிடித்து நேரே சீர் அறைக்குக் கூட்டிவந்துவிட்டாள். மேடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத சின்ன அறை. “அண்ணி, நகை, வெள்ளிச் சாமான், மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து குடுத்த தாலி, எல்லாமே இங்கதான் இருக்கு. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குங்க. நான் வந்து குரல் குடுத்தாத்தான் திறக்கணும். கண்ணு அசராம பாத்துக்க உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா சொல்லுங்க?” சொல்லிக்கொண்டே அவசரமாகக் குங்குமக் கிண்ணத்தை எடுத்ததில் பாதி மேசைமேல் கொட்டிவிட்டது. “ஐயய்யோ” என்றாள் சரளா. “நீ போம்மா, நான் பாத்துக்கறேன்” என்றாள் தையல்நாயகி. கதவைத் தாழிட்டாள். கிழிந்த துணி ஒன்றும் கண்ணில் படாததால் கொட்டியதை வலது உள்ளங்கையாலேயே வழித்துத் தாம்பாளத்தில் போட்டாள். கை முழுக்கச் சிவப்பு. கழுவ வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். காவல்காரி எப்படிப் போவாள்? விரல்களை மடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பொட்டுத் தூக்கம். அது என்ன பொட்டுத் தூக்கம்? ஒரு துளி, ஒரு இணுக்கு என்றுதான் அர்த்தம். பொட்டு நிலம் இல்லை, பொட்டுத் தங்கம் இல்லை, பொட்டுத் தூக்கம் இல்லை. அவளுக்கு நெற்றிப் பொட்டும் தூக்கப் பொட்டும் ஒரே விடிகாலையில் போயின. அந்த வார்த்தையை யாரும் யோசித்துச் சொல்வதில்லை, வாய்ப்பழக்கத்தில் சொல்கிறார்கள். யோசிப்பது அவள் வேலை. நாலு வருஷமாக யோசிக்க நேரம் கொட்டிக் கிடக்கிறது அல்லவா. ஆரம்பத்தில் ஊரில் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்து வெட்கப்பட்டாள். ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டு அதற்காக முழித்துக்கொண்டிருப்பதைப் போல. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பாலில் ஜாதிக்காய். உள்ளங்காலில் நல்லெண்ணெய். மத்தியானம் படுக்காதே. டீயைக் குறை. ஒன்றிலிருந்து எண்ணு. எண்ணினாள்; எண்ணிக்கை ஏற ஏற மூளை சுறுசுறுப்பாகி வட்டிக் கணக்குப் போடத் தொடங்கியது. போனைப் பார்க்காதே என்றார்கள், பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள், சுவர் என்ன போனைவிடச் சுவாரசியம் குறைந்ததா, கீறல் கீறலாய் எத்தனை கதை. கடைசியில் ஒரு டாக்டரம்மா, சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு உட்கார்ந்திருந்தவள், சொன்னாள்: “உங்களுக்கு மட்டும் இல்லம்மா. இந்த ஊர்ல பாதிப் பேர் இதைச் சொல்லிட்டு வர்றாங்க. ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு அதிகம். வயசானவங்களுக்கு அதிகம். நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க, வீட்ல துக்கம் நடந்தவங்க, உடம்பு வலி இருக்கறவங்க, எல்லாரும் வர்றாங்க.” “நீங்கம்மா?” என்று கேட்டாள் தையல்நாயகி. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அடைந்த சந்தோஷம் இருக்கிறதே! மருந்துச் சீட்டைவிட அந்தச் சிரிப்பு பெரிசு. அதற்கப்புறம் ஹவுஸிங் போர்டு வீட்டு பால்கனியில் நின்று எதிர் பிளாக்கைப் பார்க்கிறபோது வேறு கண்ணால் பார்த்தாள். அணையாத ஜன்னல் ஒவ்வொன்றும் ஒரு ஆள். கைக்குழந்தையோடு நடக்கிற கேரளத்துப் பெண். அமெரிக்காக்காரனோடு பேசிக்கொண்டே நகம் கடிக்கிற பையன். மூத்திரம் முட்டி முட்டி எழுந்திருக்கிற ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மாதவிலக்கு நிற்கிற வயசில் உடம்பு கொதிக்க முந்தானையால் விசிறிக்கொள்ளும் வனரோஜா டீச்சர். ஒருநாள் மாவு வாங்கப் போன இடத்தில் டீச்சரும் அவளும் ஒருத்தரையொருத்தர் பார்த்து, ‘நேத்து லேட்டா அணைச்சீங்க போல’ என்று விசாரித்துக்கொண்டார்கள். தூங்குகிறவர்கள்தான் தனித்தனியாகத் தூங்குகிறார்கள், தூங்காதவர்கள் எல்லாரும் சேர்ந்தே முழித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அது சந்தோஷமாகக்கூட இருந்தது. சங்கம் வைத்தால் நான்தான் தலைவி, போட்டியே கிடையாது என்று டீச்சரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒன்று கிடந்தது, அதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை, டீச்சரிடமும் சொல்லவில்லை. வெளியே தவில்காரர் தட்டிப் பார்க்கிறார், தடதடவென்று சுவர் வழியாக நாற்காலிக்கு வருகிறது, நாற்காலி வழியாக முதுகுக்கு. அந்த விடிகாலையில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் விஷயம். புருஷன் வேதமூர்த்தி ஒரு சத்தமும் போடவில்லை. அல்லது போட்டிருப்பார். யாருக்குத் தெரியும்? பக்கத்தில் படுத்திருந்தவள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தாளே. அன்றைக்கு வீடு ஒட்டடை அடித்த அலுப்பு. நல்ல தூக்கம், கனவுகூட இல்லாத தூக்கம், விழித்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இன்னும் உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது, அதுதான் கொடுமை. சோம்பல் முறித்துவிட்டுத்தான் அவர் தோளைத் தொட்டாள். ‘தூக்கத்துலயே போயிட்டார், குடுத்துவச்சவர்’ என்றார்கள் வந்தவர்கள். யார் தூக்கத்தில்? அவர் தூக்கத்திலா, அவள் தூக்கத்திலா? கூப்பிட்டிருப்பாரோ. தையல் என்று முழுப்பெயரைப் பாதியாக்கி, அந்தப் பாதியிலும் கடைசி எழுத்தை விழுங்கித்தான் எப்போதும் கூப்பிடுவார், அப்படி விழுங்கிக் கூப்பிட்டதால் கேட்கவில்லையோ. ஒரு தண்ணீர், ஒரு மாத்திரை, நெஞ்சில் ஒரு கை. அதிலிருந்து கண் மூடினால் போதும், உள்ளே ஒருத்தி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். நீ தூங்கினால் யாராவது போய்விடுவார்கள் என்கிறாள். பைத்தியக்காரத்தனம் என்று தையல்நாயகிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பகலில் தெரிகிறதெல்லாம் படுக்கைக்கு வருவதில்லை. அதனால்தான் குடும்பம் அவளைக் காவலுக்குக் கூப்பிடுகிறபோதெல்லாம் அவள் மறுக்காமல் போனாள். சும்மா முழித்திருப்பதைவிட யாருக்காகவாவது முழித்திருப்பது மேல். அவள் முழித்திருந்த எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இதுவரை யாரும் போகவில்லை.

கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். “அத்தை, உள்ளயா இருக்கீங்க?” யாழினியின் குரல். கூறைப்புடவை மாற்றப் போகிற வழி போலிருக்கிறது, வளையல்கள் குலுங்கின. “இருக்கேன்டி.” “சாப்பிட்டீங்களா?” “அதெல்லாம் ஆச்சு” என்று பொய் சொன்னாள். “எனக்கு ஒரு வாரமாவே பொட்டுத் தூக்கமில்ல அத்தை. கண்ணு எரியுது. மேக்கப்காரம்மா திட்டறாங்க. நீங்க எப்படித்தான் இப்படியே இருக்கீங்க?” “கல்யாணப் பொண்ணு தூங்காட்டி அழகு. எங்களை மாதிரி ஆளுங்க தூங்காட்டித்தான் நோவு. போ போ, தேடப் போறாங்க.” “தாலி கட்டறப்ப மேடைக்கு வந்துடணும். நான் உங்களைத்தான் பாப்பேன்.” “வர்றேன்டி” என்றாள். அடுத்த பொய். வளையல்கள் போய்விட்டன. அப்போதுதான், குரல் போன பிற்பாடு, அந்தப் பொய் திரும்பி வந்து அவள் முன்னால் நின்றது. ஏன் பொய்? நகைகளை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்பதாலா? இந்த அறைக்குக் கதவு கெட்டிக் கதவு. வெளியே பூட்டுப் போட வளையம் இருக்கிறது, வரும்போதே பார்த்தாளே, பூட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் தீர்ந்தது. ஆள் எதற்கு? பூட்டு தூங்குமா? தையல்நாயகி நாற்காலியில் நிமிர்ந்தாள். நேற்று நலங்கின்போதும் சரளா இப்படித்தான், ‘அண்ணி, நீங்க சமையல்கட்டைக் கொஞ்சம் பாத்துக்குங்க, உங்களை விட்டா யாரு’ என்றாள். இளங்கோவனின் பெரிய மகன் கல்யாணத்தில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மொய்ப் பைக்குக் காவல். அதற்கு முந்தின வளைகாப்பில் மாடியில் தூங்குகிற குழந்தைகளுக்குக் காவல். எல்லாச் சுபகாரியத்திலும் எல்லாருக்கும் அவள் தேவைப்பட்டாள், ஆனால் மேடை கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அடிப் பாவிகளா! புருஷன் செத்தவள் எதிரே வராதே என்று முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாமல், ‘அண்ணிக்குத் தூக்கம் வராது’ என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? இவ்வளவு நாளும் இது விளங்காமல் என்னமோ பட்டம் வாங்கினவளைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு காவல் காத்தேனே!

கோபம் வந்தது. நல்ல கோபம், சூடாக, காலிலிருந்து ஏறி வந்தது. வேடிக்கை என்னவென்றால் அது ஏற ஏற உடம்பில் இத்தனை காலம் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அப்படியானால் நான் முழித்திருந்து யாரையும் காப்பாற்றவில்லை. என்னை யாரும் காவலுக்காகக் கூப்பிடவே இல்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்கள் மருந்தால் பிழைத்தார்கள், ஆயுசால் பிழைத்தார்கள். நான் முழித்ததால் யாரும் பிழைக்கவில்லை என்றால், நான் தூங்கினதால் யாரும் போகவும் இல்லை. இதை அவள் மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தூங்கினதால் யாரும் போகவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஏர்கூலர் இரைந்தது. வெளியே நாயனம் ஏதோ நீளமாக இழுத்தது, ஆனந்தமான சங்கதி, முடிவதாகத் தெரியவில்லை. முழங்கையை மேசைமேல் ஊன்றி, நெற்றியை உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டாள். தூங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள், சரளா வந்து குரல் கொடுப்பாள், தாலித் தட்டு இதோ பக்கத்தில் மஞ்சள் துணிக்குக் கீழே, தேங்காய்மேல் சுற்றிய தாலி, அதை எடுத்துக் கொடுக்க வேண்டும், தூங்கக் கூடாது, நாலு வருஷமாகத் தூங்கணும் தூங்கணும் என்று கெஞ்சினாயே, இப்போது கூடாது என்கிறாய், உனக்கே சிரிப்பாக இல்லையா, டீச்சரிடம் சொல்ல வேண்டும், டீச்சர் ஜன்னலில் நின்று விசிறுகிறாள், விசிறி பச்சை, எதிர் பிளாக்கில் ஒவ்வொரு விளக்காக அணைகிறது, ஹெட்மாஸ்டர் அணைக்கிறார், பையன் அணைக்கிறான், யார் மீதி, நான்தான் மீதி, சுவிட்ச் எங்கே, சுவிட்ச் தேங்காய்க்குப் பக்கத்தில், தைய என்று யாரோ கடைசி எழுத்தை விழுங்கிக் கூப்பிடுகிறார்கள், இதோ கேட்குது, கேட்டுடுச்சு, இல்லை ஒன்றும் வேண்டாம் நீ படு என்கிறார், தண்ணி வேணுமா, வேண்டாம் படு, ஒட்டடை அடிச்சியே, அலுப்பா இருக்கும், படு

இடி. இடித்துக்கொண்டே இருந்தது. கதவு. “அண்ணி! அண்ணி!” “அக்கா! தையலக்கா! ஐயோ, அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுடா!” “சார், தள்ளுங்க, கடப்பாறை வருது.” அவள் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேசை விரிப்பில் வாய் நீர் வட்டமாய் நனைந்திருந்தது. தூங்கியிருக்கிறாள். தூங்கியிருக்கிறாள்! அந்த நினைப்பு வந்த மறுநொடியே உள்ளே இருக்கிற அந்த ஒருத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். யார்? இந்தத் தடவை யார்? எதற்கு இப்படி அலறுகிறார்கள்? தாழ்ப்பாளைத் தள்ளினாள். கதவு திறந்ததும் அத்தனை முகமும் ஒரேயடியாக உள்ளே விழுந்தன. இளங்கோவன், வேட்டி மடித்துக்கட்டி, அழுதுகொண்டு. உயிரோடு. சரளா, கொண்டை சரிந்து. உயிரோடு. கடப்பாறையோடு மண்டபத்து மேனேஜர், மாப்பிள்ளையின் அப்பா, கரண்டியோடு ஓடிவந்த சமையல்காரர், எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு, உயிரோடு. “யாருக்கு என்ன?” என்று கேட்டாள். “உனக்கு என்னக்கா? எவ்வளவு நேரமா தட்டறோம்!” என்றான் இளங்கோவன். “எனக்கா? நான் தூங்கிட்டேன்.” “தூங்கிட்டியா? நீயா?” என்றவன் அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கி, அழுதுகொண்டே சிரித்தான்.

“அண்ணி, முகூர்த்தம் முடியப் போகுது, தாலி! தாலியைக் குடுங்க!” சரளா கையை நீட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பாய்ந்தவள் தையல்நாயகியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நீட்டின கை நீட்டினபடி இருந்தது. பின்னால் இருந்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். ஒருத்தி ‘நெத்தியப் பாரு’ என்று கிசுகிசுத்தாள். தையல்நாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை, தூக்கக் கலக்கம், கன்னத்தில் வாய் நீர் ஒட்டியிருக்கிறதோ என்னமோ. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கொரகொரத்தது. ஐயர் கழுத்தில் மாட்டியிருந்த மைக்கில் யாழினியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “அத்தைக்கு ஒண்ணும் இல்லல்ல? அப்ப அவங்களையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நான் அத்தை வந்தாத்தான் கழுத்தை நீட்டுவேன்.” ஐயர் பதறிப் போய், “பேஷா வரட்டும், நாழியாறது” என்றது அதைவிடச் சத்தமாகக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். சரளா வாயைத் திறந்தாள். தையல்நாயகி காத்திருக்கவில்லை. மஞ்சள் துணியை எடுத்துவிட்டு, தேங்காயும் தாலியும் அட்சதையும் இருந்த தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். “வழி விடும்மா சரளா” என்றாள். “அறையை நீ பாத்துக்கோ. உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா சொல்லு?”

நடந்தாள். நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவளுக்குக் கால் எவ்வளவு லேசாக இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தாள். தாலித் தட்டை எல்லாரும் தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது வழக்கம், முகூர்த்தம் ஓடுகிறது, ஆனாலும் அவள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டே போனாள். தொட்ட கைகளைப் பார்க்கவில்லை, கண்களைப் பார்த்தாள். சிவந்த கண்கள், இமை வீங்கின கண்கள், கண்ணாடிக்குப் பின்னால் எரிகிற கண்கள். மாப்பிள்ளையின் அம்மா, சர்க்கரை நோய்க்காரி, தூங்கி நாளாயிற்று என்று பார்த்ததுமே தெரிந்தது. லாரி ஓட்டுகிற சித்தப்பா மகன். பரீட்சைக்குப் படிக்கிற பெண். விடியுமுன்னே அடுப்பு மூட்டின சமையல்காரர், கரண்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டுக் கும்பிட்டார். அட, நம்ம சங்கத்து ஆட்கள் இவ்வளவு பேரா என்று அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. உங்களுக்கும் வரும், கொஞ்சம் பொறுங்கள், எனக்கே வந்துவிட்டது என்று ஒவ்வொருத்தரிடமும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே படியேறினாள். மேடையில் யாழினி அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் அகலமாகி, அப்புறம் நிறைந்தது. “தூங்கினீங்களா அத்தை?” “தூங்கிட்டேன்டி.” “நல்லா?” “பொட்டுத் தூக்கம்தான். ஆனா யாருக்கும் ஒண்ணும் ஆகல.” ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று யாழினிக்குத் தெரிந்திருக்காது, ஆனாலும் தலையை ஆட்டினாள்.

போட்டோகிராபர் குனிந்து வந்து, “அம்மா, நெத்தியில கைக் குங்குமம் ஈஷியிருக்கு, தொடச்சிட்டு நில்லுங்க, படத்துல விழும்” என்றான். அவள் தட்டை ஒரு நொடி இடக்கையில் தாங்கிக்கொண்டு வலது உள்ளங்கையைப் பார்த்தாள். சிவப்பு பாதிதான் மிச்சமிருந்தது. மீதி எங்கே போயிற்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சரளாவின் நீட்டின கையும் பெண்களின் கிசுகிசுப்பும் உறைத்தன. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. திருநீறு கலைந்து, புருவத்துக்கு மேலே கோணல்மாணலாக, உள்ளங்கை அகலத்துக்கு. “விழட்டும்ப்பா” என்றாள். “தூங்கினப்ப தானா வந்தது. நான் ஏன் தொடைக்கணும்?” ஐயர் தட்டிலிருந்த தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் இடித்தது, அட்சதை பறந்தது, மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டான். அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவே தையல்நாயகிக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. அழுகையோ என்று பயந்தாள். கொட்டாவி. வாயை மறைக்கக் கைகளில் தட்டு, மறைக்க முடியவில்லை, தாராளமாக விட்டாள். பக்கத்தில் நின்ற இளங்கோவனுக்கு அது தொற்றியது. அவனிடமிருந்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கு. அப்புறம் தவில்காரருக்கு. கல்யாண ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மணமக்களுக்குப் பின்னால் ஒரு வரிசையே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, நடுவில் பெரிய பொட்டோடு தையல்நாயகி. இப்போதெல்லாம் விசேஷ வீடுகளில் அவளை யாரும் காவலுக்குக் கூப்பிடுவதில்லை. நம்பி விட முடியாது, தூங்கிவிடுவாள்.